பின்னறைக்கு எத்தனை பாயிண்ட்

அந்த வீட்டு வேலையை முதலில் எடுத்த எலக்ட்ரீஷியன் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டான் என்று மட்டும்தான் அண்ணனிடம் சொன்னார்கள். தாடை உடைந்து, பல்லோடு பல்லைச் சேர்த்துக் கம்பி கட்டி, மூன்று வாரம் பாலை உறிஞ்சிக் குடித்துக்கொண்டு அவன் படுத்துக் கிடந்ததை யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணன் தன் தங்கையை அங்கே தனியாக அனுப்பியிருக்க மாட்டான்.

அண்ணன் பெரிய வீடுகளுக்கு ஒயரிங் எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டர். ஆட்களை வைத்து வேலை வாங்குவது அவன் பொறுப்பு. எத்தனை நாள் ஆகும், எவ்வளவு செலவாகும் என்று எஸ்டிமேட் போடுவது தங்கையின் பொறுப்பு. விளக்குக்கு ஒன்று, ஃபேனுக்கு ஒன்று, பிளக்குக்கு ஒன்று என்று கரண்டு போய்ச் சேர வேண்டிய ஒவ்வோர் இடமும் ஒரு பாயிண்ட். அதை எண்ணுவதே பிழைப்பாகிவிட்டதால் வேலையாட்கள் அவளைப் பாயிண்ட் அக்கா என்றார்கள். கல்யாண வீட்டுக்குப் போனாலும் அக்கா மாப்பிள்ளையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்து ஃபேனை எண்ணிக்கொண்டிருப்பாள் என்று கேலி செய்வார்கள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. வெறும் செங்கல் சுவர்களுக்கு நடுவே ஒரு தடவை நடந்து வந்தால் போதும். இந்த அறையில் பைப் பதிக்கச் சுவரை வெட்ட ஒன்றரை நாள், சுவிட்சுப் பெட்டி வைக்க அரை நாள், ஒயர் இழுக்க ஒரு நாள் என்று சொல்லிவிடுவாள். கூடக் குறைய ஒரு நாள் போகுமே தவிர ஒரு வாரம் பிசகாது.

வீடு ஒரு கல்குவாரி முதலாளியுடையது. மூன்று தளம், ஏழு படுக்கையறை, லிஃப்ட் வைக்க ஒரு குழி, சினிமா பார்க்க ஒரு கூடம். கான்கிரீட் எல்லாம் போட்டாகிவிட்டது. சுவர்கள் பூச்சுக்காகக் காத்திருந்தன. காலை பத்து மணிக்கு அவள் போனபோது ஓர் ஆள்கூட வேலையில் இல்லை. கொத்தனார்களுக்கு இன்று லீவு விட்டுவிட்டேன், சத்தமில்லாமல் பேசலாம் என்றார் முதலாளி. மரியாதையான மனிதர்தான். தண்ணீர் பாட்டிலைத் தானே திறந்து கொடுத்தார்.

அவர் மனைவியும் வந்திருந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மாவுக்கட்டு. கண்ணுக்குக் கீழே ஒரு ரத்தக்கட்டு, நீலம் போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. பாயிண்ட் அக்கா அதை ஒரு பார்வை பார்த்தாள். பத்து நாள் இருக்கும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டாள். அதுவும் அவளுக்குப் பழகிய கணக்குதான்.

இரண்டு மணி நேரம் மேலும் கீழும் நடந்தார்கள். அவள் சாக்பீஸால் சுவரில் வட்டமும் சதுரமும் போட்டுக்கொண்டே வந்தாள். சமையலறையில் மனைவி ஜன்னல் ஓரமாக ஒரு பிளக் கேட்டாள். போடுங்க, அவளுக்கு எது வேணுமோ போடுங்க என்றார் முதலாளி. குரல் தேனாக இருந்தது. அந்தத் தேன் பாயிண்ட் அக்காவுக்குத் தெரிந்த தேன்தான். அவள் புருஷனும் நாலு பேர் முன்னால் அப்படித்தான் பேசுவான்.

முந்நூற்றுப் பத்து பாயிண்ட் ஆனபோது கீழ்த்தளத்தின் பின்னறைக்கு வந்து சேர்ந்தார்கள்.

வீட்டில் வேறு எந்த வாசலுக்கும் இன்னும் கதவு வைக்கவில்லை. அந்த ஓர் அறைக்கு மட்டும் கதவு இருந்தது. இரும்புக் கதவு. வெளிப்பக்கம் மூன்று தாழ்ப்பாள். உள்ளே ஜன்னல் இல்லை. கூரையை ஒட்டி, ஒரு சாண் உயரமே உள்ள, கம்பி போட்ட காற்றுத் துவாரம் ஒன்று. ஒரு மூலையில் கதவில்லாத கக்கூஸ். அவள் டேப்பை இழுத்து அளந்தாள். பன்னிரண்டுக்குப் பத்து. வாசல் இடது மூலையிலிருந்து நாலடி. தலையை நிமிர்த்திப் பார்த்தபோது, ஃபேன் மாட்டுவதற்காகக் கூரையில் விட்டிருந்த கொக்கியை அறுத்தெடுத்து, அந்த இடத்தைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள்.

இங்கே என்னென்ன வேண்டும் என்று கேட்டாள். முதலாளி மனப்பாடம் செய்தவர்போல் ஒப்பித்தார். கூரையில் ஒரே ஒரு விளக்கு, அதற்கு இரும்பு வலை. சுவிட்ச் வெளியே. ஃபேன் வேண்டாம். பிளக் வேண்டாம். உள்ளே கைக்கு எட்டுகிற மாதிரி எதுவுமே வேண்டாம்.

"ஸ்டோர் ரூம்தான்" என்றார்.

"ஸ்டோர் ரூமுக்குக் கக்கூஸ் எதுக்கு சார்?"

"சொன்னத மட்டும் எழுதிக்கங்க மேடம்."

அவள் பேனாவைத் திறந்தாள். கை எழுதவில்லை. கல்யாணமான புதிதில் புருஷன் அவளைக் குளியலறைக்குள் தள்ளித் தாழ்ப்பாள் போடுவான். அந்த வீட்டிலும் சுவிட்ச் வெளியேதான் இருந்தது. விளக்கை அணைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். ஒரு தடவை காலையில் போனவன் சாயங்காலம்தான் வந்தான். கதவைத் தட்டித் தட்டி அவள் கைமுட்டி தோல் உரிந்திருந்தது. வீட்டில் ரத்தக்கறை படிய வைத்தாயே என்று அதற்கும் சேர்த்து அடித்ததில் கடைவாய்ப் பல் இரண்டு போயிற்று. அண்ணன் வந்து கூட்டிக்கொண்டு போன நாள்வரை, வெளியே செருப்புச் சத்தம் கேட்டாலே அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொள்வாள்.

முதலாளிக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே முன்பக்கம் போனார். அவள் மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. இந்த ரூம் உங்களுக்கா?"

அந்த அம்மாள் தலையாட்டி மறுத்தாள். "என் பிள்ளைக்கு" என்றாள்.

பிறகு அணை உடைந்த மாதிரி எல்லாவற்றையும் சொன்னாள். இருபத்தாறு வயது, ஒரே பிள்ளை. எட்டு வயதில் நாய்க்குட்டியைச் சுவரில் அடித்தான். கல்லூரியில் ஒருவன் கண்ணைக் கெடுத்தான். நோய் இல்லை, பைத்தியம் இல்லை, மூன்று டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். யாராவது மாட்டேன் என்று சொன்னால் கை நீட்டுவான், அவ்வளவுதான். அவள் கையை முறித்தது அவன்தான். முன்பு வந்த எலக்ட்ரீஷியனின் பைக் தன் ஜீப்புக்கு முன்னால் நின்றது என்பதற்காக இரும்புப் பைப்பால் அவன் தாடையை உடைத்தான். ஒவ்வொன்றையும் அப்பா வெளியே தெரியாமல் அமுக்கினார். இனி அமுக்க முடியாது என்று ஆனதும் இந்த அறையைக் கட்டினார். வெறி பிடிக்கிற நாட்களில் உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டால் அடங்கிவிடுவான் என்பது அவர் எண்ணம்.

போலீசுக்குப் போகவில்லையா என்று பாயிண்ட் அக்கா கேட்டாள்.

"போனா அவன் வாழ்க்க போயிடும்னு சொல்றாரு."

"போகலன்னா உங்க உசுரு போயிடுமே அக்கா."

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் வெளியே ஜல்லியில் சக்கரம் அரைபடும் சத்தம் கேட்டது. அவள் முகம் வெளுத்த விதத்தைப் பார்த்தே வந்தது யார் என்று தெரிந்துவிட்டது.

இரும்புக் கதவு செய்த வெல்டர் ஏதோ கடையில் அந்த அறையைப் பற்றி வாய்விட்டிருக்கிறான். அது மகன் காதுக்கு எட்டிவிட்டது. இதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டார்கள். அப்போது அவன் சிரித்துக்கொண்டே உள்ளே வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, ஒழுங்காக வாரிய தலை. வழியில் மணல் குவியலில் குத்தி வைத்திருந்த மண்வெட்டியைக் கையோடு எடுத்து வந்திருந்தான். அப்பா பின்னாலேயே ஓடி வந்தார். மகன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக பாயிண்ட் அக்காவின் முன்னால் வந்து நின்று, அவள் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தான்.

"என் ரூமுக்கு எத்தன பாயிண்ட் போட்டிருக்கீங்க?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஒண்ணு" என்றாள்.

"ஒண்ணுதானா" என்று அவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான். "ஏழு பெட்ரூம் வீடு கட்டி எனக்கு ஒரு பல்பு."

சொல்லி முடிக்கும்போதே மண்வெட்டி சுழன்றது. அகலமான பக்கம் அப்பாவின் தோளில் பட்டு, விளிம்பு காதைக் கிழித்துக்கொண்டு போனது. அவர் செங்கல் அடுக்கின்மேல் விழுந்தார். விழுந்தவரின் முதுகில் இரண்டாவது அடி. இடுப்பில் மூன்றாவது. அவன் அவசரப்படவில்லை. விறகு பிளக்கிறவனைப்போல் காலை அகட்டி நின்று, ஒவ்வோர் அடிக்கும் மூச்சை இழுத்து விட்டு அடித்தான். டேய், டேய் என்று மட்டும் அப்பா முனகினார்.

அந்த அம்மாள் நடுவில் போய் விழுந்தாள். மகன் மாவுக்கட்டைப் பிடித்தே அவளை இழுத்தான். கட்டுக்குள் எலும்பு நெரிந்த சத்தம் பாயிண்ட் அக்காவுக்குக் கேட்டது. அந்தச் சத்தம்தான் அவளை அசைத்தது. அதுவரை கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றிருந்தவள், பக்கத்தில் வாய் பிரிந்து கிடந்த சிமென்ட் மூட்டையில் இரண்டு கையையும் விட்டு, அள்ளி அவன் முகத்தில் அடித்தாள்.

அவன் கண்ணைப் பொத்திக்கொண்டு அலறினான். கண்மூடித்தனமாக வீசிய மண்வெட்டி அவள் வலது கையில் விழுந்தது. இரண்டு விரல் அப்போதே போயின. வலி வர நேரமில்லை. அந்த அம்மாளின் இடுப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, உயிரைக் கையில் பிடித்தபடி பக்கத்திலிருந்த ஒரே கதவுக்குள் ஓடினாள். உள்ளே நுழைந்து கதவைச் சாத்தித் தாழ்ப்பாளுக்குக் கையை நீட்டினாள்.

உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை.

இருட்டில் வழவழவென்ற இரும்புத் தகடுதான் கைக்குப் பட்டது. இரண்டு பெண்களும் முதுகைக் கொடுத்துக் கதவை அழுத்தினார்கள். வெளியே அவன் உதைத்தான். முதல் உதையில் இருவரின் பற்களும் அடித்துக்கொண்டன. இரண்டாவது உதையில் கதவு ஒரு சாண் திறந்து மூடியது. மூன்றாவது தாங்காது என்று பாயிண்ட் அக்காவுக்குத் தெரிந்தது. அவள் அந்த அம்மாளின் காதில், நான் இழுக்கும்போது என்னோடு வா, சத்தம் போடாதே என்றாள்.

மூன்றாவது உதை விழுவதற்கு ஒரு நொடி முன்னால் கதவை விட்டுவிட்டு, அந்த அம்மாளையும் இழுத்துக்கொண்டு இடது பக்கச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதிர்ப்பு இல்லாததால் அவன் தடுமாறி அறையின் நடுவரை ஓடிப் போய் விழுந்தான். கதவு சுவரில் மோதித் திரும்பி வந்து பாதி மூடிக்கொண்டது. சிமென்ட் எரிந்த கண், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. எழுந்து கக்கூஸ் பக்கமாக மண்வெட்டியை வீசினான். இரும்பு சுவரில் பட்டுப் பொறி பறந்தது. அம்மா, எங்கம்மா இருக்க என்று கொஞ்சலாகக் கேட்டுக்கொண்டே வீசினான். பாயிண்ட் அக்காவுக்கு வெளிச்சம் தேவைப்படவில்லை. அந்த அறை அவள் அளந்த அறை. மூலையிலிருந்து நாலடி. முதுகைச் சுவரில் தேய்த்தபடி நாலடி நகர்ந்து, கதவிடுக்கில் அந்த அம்மாளை முதலில் வெளியே தள்ளி, பின்னாலேயே தானும் விழுந்தாள். கதவை இழுத்துச் சாத்தியது அவள். முறிந்த கை தொங்க, மூன்று தாழ்ப்பாளையும் ஒற்றைக் கையால் இழுத்துப் போட்டது அந்த அம்மாள்.

பெரும்பாலான கதைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். இங்கே அப்படி ஆகவில்லை.

முதலாளி தூணைப் பிடித்து எழுந்து நின்றிருந்தார். பாதிக் காது தொங்க, கழுத்தெல்லாம் ரத்தம். முகத்தில் மட்டும் ஒரு நிம்மதி. நல்லதாகப் போயிற்று, ரெண்டு நாள் கிடக்கட்டும், தானாக அடங்கிவிடுவான் என்றார். பாயிண்ட் அக்கா இடது கையால் போனை எடுத்தாள். யாருக்குப் பேசுகிறாய் என்று கேட்டார். போலீசுக்கு என்றாள்.

ஊன்றி நிற்க முடியாதவர் எப்படித்தான் பாய்ந்தாரோ. போனைப் பிடுங்கித் தரையில் அறைந்தார். அவள் முடியைப் பிடித்து, முகத்தைச் செங்கல் சுவரில் ஒரு தடவை மோதினார். மறுபடி மோதினார். மகன் அடித்தபோது முனகியதைத் தவிர ஒரு கையைக்கூடத் தூக்காதவர் அவர். சுவரில் அவளே போட்டிருந்த சாக்பீஸ் வட்டத்தில் அவளுடைய ரத்தம் ஒட்டியது. இத்தனை வருஷம் பேசாமல் இருந்த என் பெண்டாட்டியைக் கேள், அவளே ஒன்றும் சொல்லவில்லை, நீ யார் கேட்க என்று கத்தினார்.

அவர் தலைக்குப் பக்கத்தில் தூண் படாரென்று தெறித்தது. கான்கிரீட் சில்லு பறந்து அவர் கன்னத்தில் குத்தியது. அந்த அம்மாள் ஒரு கையில் நீள இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விடுங்க அவள."

அவர் விடவில்லை. அவள் குரலை உயர்த்தவும் இல்லை.

"இப்ப விடலேன்னா அடுத்தது தூண்ல விழாது."

அவர் கையை எடுத்தார். அந்த அம்மாள் கம்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் போனை எடுத்துத் தானே போலீசுக்குப் பேசினாள். பெயர், விலாசம், யார் அடித்தது, யாரை அடித்தது, எத்தனை வருஷமாக அடித்தது என்று ஒன்று விடாமல் சொன்னாள். பேசி முடித்ததும் தரையில் உட்கார்ந்து, சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டாள். முதலாளி எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழத் தொடங்கினார்.

போலீஸ் வர நாற்பது நிமிஷம் ஆயிற்று. அந்த நாற்பது நிமிஷம்தான் பாயிண்ட் அக்காவுக்கு அடியைவிடக் கொடுமையாக இருந்தது. முதல் கால்மணி அவன் மண்வெட்டியால் கதவைக் கொத்தினான். ஒவ்வொருத்தரையும் எப்படிக் கொல்வேன் என்று விவரமாகச் சொன்னான். பிறகு சத்தம் நின்றது. பிறகு வேறொரு குரல் வந்தது.

"அம்மா, இருட்டா இருக்கும்மா. கண்ணு எரியுதும்மா."

அந்த அம்மாள் எழுந்து போய்க் கதவில் உள்ளங்கையை வைத்தாள். திறந்துவிடுவாளோ என்று பாயிண்ட் அக்கா பயந்தாள். அதைவிட, தானே எழுந்து போய்த் திறந்துவிடுவோமோ என்று பயந்தாள். உள்ளே இருப்பவன் யார் என்று தெரியும். ஆனால் இருட்டில் கதவுக்குப் பின்னாலிருந்து வருகிற அந்தக் குரலை அவள் உடம்பு அறியும்.

அவள் எழுந்தாள். வேலைக்காக இழுத்திருந்த தற்காலிகக் கரண்டில் நீள ஒயரோடு ஒரு பல்பு தொங்கியது. அதை ஒற்றைக் கையால் அவிழ்த்து, செங்கல் அடுக்கின் மேல் ஏறி, காற்றுத் துவாரக் கம்பிக்குள் நுழைத்துச் சுவிட்சைப் போட்டாள். துவாரத்தின் வழியே மஞ்சள் வெளிச்சம் வெளியிலும் தெரிந்தது. குழாயிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக அதே துவாரத்தில் ஊற்றி, கண்ணைக் கழுவு என்று சொன்னாள். உள்ளே தண்ணீரில் முகம் கழுவுகிற சத்தம் கேட்டது.

இரண்டு நிமிஷம் அமைதி. மூன்றாவது நிமிஷம் மண்வெட்டி பறந்து வந்து பல்பில் மோதியது. கண்ணாடி சிதறி ஒரு துண்டு அவள் புருவத்தில் ஏறியது. உள்ளே அவன் சிரித்தான். அவள் இறங்கி வந்து சுவிட்சை அணைத்தாள். இன்னொரு பல்பு பக்கத்திலேயே இருந்தது. அவள் அதைத் தொடவில்லை.

வழக்கு பதினான்கு மாதம் நடந்தது. அண்ணன் முதல் ஒரு மாதம் பேசவே இல்லை. அவளை அனுப்பிய தன் கையை வெட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரிடமோ சொன்னதாக அவள் காதுக்கு வந்தது. முதலாளி சாட்சிக் கூண்டில் ஏறி, சாரத்திலிருந்து தவறி விழுந்தேன் என்றார். மனைவி ஏறி உள்ளதைச் சொன்னாள். கடைசியில் பாயிண்ட் அக்கா ஏறி, எல்லாம் ஒன்பது நிமிஷத்தில் நடந்தது என்று சொன்னதும், மகனின் வக்கீல் மடக்கி மடக்கிக் கேட்டார். பயத்தில் இருந்தவருக்கு நேரம் எப்படித் தெரியும், கையில் கடிகாரம் இருந்ததா, யார் சொல்லிக் கொடுத்தது ஒன்பது நிமிஷம் என்று.

"ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு சொல்லித்தான் பதினஞ்சு வருஷமா சோறு திங்கறேன் சார்" என்றாள் அவள். "மண்வெட்டிய ஓங்கினதுல இருந்து தாழ்ப்பாள் போட்டது வரைக்கும் ஒம்பது நிமிஷம். கூட ஒண்ணு ஆகியிருக்கலாம். குறைஞ்சிருக்காது."

நீதிபதி அதை அப்படியே எழுதச் சொன்னார். மகனுக்கு ஐந்து வருஷம் கிடைத்தது. சாட்சியை அடித்ததற்காக முதலாளிக்கும் ஆறு மாதம். வீட்டை அப்படியே விற்றுவிட்டார்கள்.

அந்த அம்மாள் இப்போது தன் தங்கையோடு இருக்கிறாள். மாதம் ஒருமுறை மகனைப் பார்க்கச் சிறைக்குப் போகிறாள். பெற்ற வயிறு, போகாதே என்று சொல்ல யாராலும் முடியவில்லை. முதல் ஐந்து மாதம் அவன் பார்க்க வரவில்லை. ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்புவாள். ஆறாவது மாதம் வந்தான். அதை அவள் போனில் சொன்னபோது பாயிண்ட் அக்கா வேறொரு பெரிய வீட்டின் மாடியில், இடது கையால் சுவரில் குறி போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன பேசினான் அக்கா?"

"அடுத்த தடவ சோப்பு வாங்கிட்டு வான்னான்."

"வேற?"

"வேற ஒண்ணும் பேசல. நானும் பேசல."

வாங்கிப் போகப் போகிறீர்களா என்று கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள். கீழே வேலையாட்கள் பைப் அறுக்கும் சத்தம் கேட்டது. எந்தக் கடையில் சோப்பு நன்றாக இருக்கும் என்று அந்த அம்மாள் கேட்டாள். பாயிண்ட் அக்கா யோசித்துச் சொன்னாள்.